தனி லைசென்ஸ் போர்டு கேட்டா எவ்வளவு செலவாகும்? கலிஃபோர்னியா கணக்கு, அடிக்கடி வர்ற கேள்விகள்

சாக்ரமெண்டோ பக்கம் ஒரு சின்ன தொழில் சங்கத்துக்கு நான் பகுதிநேரமா கணக்கு பாக்குறேன். (போர்டுன்னு இங்க சொல்றது, ஒரு தொழில் பண்றவங்களுக்கு லைசென்ஸ் குடுத்து, கம்ப்ளெய்ண்ட் வந்தா விசாரிச்சு அத பிடுங்கவும் செய்யுற ஸ்டேட் அமைப்ப.) ஒவ்வொரு வருஷமும் ஆண்டுக்கூட்டத்துல யாராவது ஒருத்தர் எழுந்து "நமக்குன்னு தனி போர்டு வேணும், அடுத்தவன் போர்டுக்கு கீழ எத்தன நாள்தான் இருக்குறது"ன்னு பேசுவாங்க, கைதட்டல் பறக்கும், அப்புறம் நான் செலவு பேப்பர எடுத்ததும் ஹால்ல பாதி பேர் காபி குடிக்க கெளம்பிடுவாங்க. இங்க இருக்குற நம்ம ஆளுங்களும், ஹைஜீனிஸ்ட், தெரபிஸ்ட், ஆடியாலஜிஸ்ட்னு பல பேர், அதே கேள்விய தமிழ்ல கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டுட்டேன். கலிஃபோர்னியா எனக்கு தெரியும்ங்கறதால அத வெச்சுதான் சொல்றேன், மத்த ஸ்டேட் கடைசில கொஞ்சம் வரும்.

தனி போர்டுக்கு காசு அரசாங்கம்தான சார் குடுக்கும்?

இல்லங்க. எல்லா கொழப்பமும் இங்கதான் ஆரம்பிக்குது. கலிஃபோர்னியால தொழில் லைசென்ஸ் குடுக்குற போர்டுங்க பெரும்பாலும் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் டிபார்ட்மெண்டுக்கு கீழ இருக்கு, டாக்டர், நர்ஸ், கணக்காளர், முடி வெட்டுறவங்க வரைக்கும் எல்லாரோடதும். இவங்க கிட்டத்தட்ட எல்லாரும் ஜெனரல் ஃபண்டுல இருந்து, அதாவது ஸ்டேட்டோட பொது வரிப்பணத்துலேருந்து, ஒரு பைசா வாங்குறதில்ல, ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு தனி ஃபண்ட் இருக்கு, அதுக்குள்ள வர்றது அந்த தொழில் பண்றவங்க கட்டுற அப்ளிகேஷன் ஃபீ, ரினியூவல் ஃபீ, லேட் ஃபீ இதுதான். அதாவது போர்டு செலவு மொத்தமும் உங்க பாக்கெட்லேருந்துதான். "அரசாங்கம் எங்களுக்கு போர்டு குடுக்கணும்"னு கேக்கும்போது "எங்ககிட்ட இன்னும் கொஞ்சம் காசு வாங்கிக்கோங்க"ன்னும் சேத்துதான் கேக்குறீங்க, அது தப்புன்னு சொல்ல வரல, தெரிஞ்சே கேளுங்கன்னு சொல்றேன்.

சரி, ஒரு நம்பர் சொல்லுங்க. ஒரு போர்டுக்கு வருஷத்துக்கு எவ்வளவு?

ஒரே நம்பர் கிடையாது, ஆனா நான் சங்கத்துக்கு உத்தேசமா ஒரு கணக்கு போட்டு குடுத்தேன், அத அப்படியே சொல்றேன். இது எந்த போர்டோட உண்மையான பட்ஜெட்டும் இல்ல, நானே கையால போட்டது, அளவு புரியறதுக்கு மட்டும்.

எக்ஸிக்யூட்டிவ் ஆஃபீசர் ஒருத்தர் வேணும், சம்பளம், பென்ஷன், மெடிக்கல் எல்லாம் சேத்து 1.8 லட்சம் டாலர்னு வைங்க. லைசென்ஸ் வேலைக்கு, கம்ப்ளெய்ண்ட் பாக்க, ரெகுலேஷன் (சட்டத்துக்கு கீழ வர்ற விதிங்க) எழுத, ஃபோன் எடுக்கன்னு நாலு பேர், ஆளுக்கு 1.1 லட்சம்னா 4.4 லட்சம். ஆஃபீஸ் வாடகை, கம்ப்யூட்டர், தபால் எல்லாம் 80 ஆயிரம். டிபார்ட்மெண்டுக்கு கட்டுற பங்கு ஒன்றரை லட்சம். வக்கீல், விசாரணை இதுக்கு ஒன்றரை லட்சம். மீட்டிங், பயணம் 30 ஆயிரம். எக்ஸாம், எக்ஸ்பர்ட் 20 ஆயிரம். கூட்டினா 10.5 லட்சம் டாலர் வருது.

இப்ப இத வகுங்க. உங்க தொழில்ல 20,000 பேர் இருந்தா ஆளுக்கு வருஷம் 52 டாலர் 50 சென்ட், ஒரு நல்ல ஹோட்டல்ல ரெண்டு பேர் சாப்பிடுற காசு. 1,000 பேர்தான் இருக்கீங்கன்னா ஆளுக்கு 1,050 டாலர், ரெண்டு வருஷ ரினியூவலுக்கு 2,100. செலவு ஏறக்குறைய அதேதான், தல எத்தனங்கறதுதான் மாறுது. எக்ஸிக்யூட்டிவ் ஆஃபீசர் 1,000 பேருக்கும் ஒருத்தர்தான் 20,000 பேருக்கும் ஒருத்தர்தான், பாதி ஆள வேலைக்கு வெக்க முடியாதுல்ல. (வெப்பாங்க, பகுதிநேரமா, ஆனா நல்ல ஆள் வரமாட்டாங்க, வந்தாலும் ஆறு மாசத்துல பெரிய போர்டுக்கு ஓடிடுவாங்க, நான் பாத்திருக்கேன்.)

ஹைஜீனிஸ்ட்டுங்க தனி போர்டு வாங்கிட்டாங்களே, அவங்களால முடியுதுன்னா எங்களால ஏன் முடியாது?

நல்ல கேள்வி, இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா விஷயமே இதுலதான் இருக்கு.

பல் டாக்டர்கிட்ட போனா மொதல்ல உக்கார வெச்சு பல்லு சுத்தம் பண்றாங்களே அவங்கதான் டென்டல் ஹைஜீனிஸ்ட். முன்னாடி கலிஃபோர்னியால அவங்கள பாத்துக்கிட்டது டென்டல் போர்டுக்குள்ள இருந்த ஒரு கமிட்டி, அதுல டென்டல் அசிஸ்டெண்ட்டுங்களும் சேந்து இருந்தாங்க. 2009 ஜூலைல ஹைஜீனிஸ்ட்டுங்களுக்குன்னு தனி கமிட்டி வந்துச்சு, 2019 ஜனவரில அதுவே முழு போர்டா ஆச்சு. அமெரிக்காவுலயே ஹைஜீனிஸ்ட்டுங்களுக்குன்னு தனியா நிக்கிற போர்டு அதுதான், மத்த ஸ்டேட்ல எல்லாம் ஏதோ ஒரு வகைல டென்டல் போர்டோட ஒட்டிக்கிட்டுதான் இருக்காங்க. மெம்பர் ஒம்போது பேர், அதுல நாலு பேர் ஹைஜீனிஸ்ட், ஒரு பல் டாக்டர், நாலு பேர் பொதுமக்கள்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அவங்க ஒண்ணும் வெறுங்கையோட தனிக்குடித்தனம் போகல. ஏற்கனவே பல்லாயிரம் பேர் லைசென்ஸ் வெச்சிருந்தாங்க, ரினியூவல் காசு தொடர்ந்து வந்துக்கிட்டு இருந்துச்சு, எக்ஸாம் இருந்துச்சு, சட்டம் இருந்துச்சு, காலேஜுங்க இருந்துச்சு. மொதலாளி மட்டும்தான் மாறினாங்க. அதுவும் ஒரே தாவா தாவல, மொதல்ல கமிட்டி, பத்து வருஷம் கழிச்சு போர்டு.

இப்ப இன்னொரு பக்கம் பாருங்க, நேச்சுரோபதி டாக்டருங்க. 2003ல கலிஃபோர்னியால அவங்களுக்குன்னு சட்டம் வந்துச்சு, டிபார்ட்மெண்டுக்குள்ள தனி பீரோவே, அதாவது ஒரு தனி ஆஃபீஸே, குடுத்தாங்க. ஆனா ஆளு எத்தன? ஆரம்பத்துல நூத்துக்கணக்குலதான், வருஷக்கணக்கா ஓடியும் ஆயிரத்த ஒட்டிதான் நிக்குது. 2009ல ஸ்டேட் பட்ஜெட் நாறிப்போனப்ப அந்த பீரோவ எடுத்துட்டு, ஆஸ்டியோபதிக் மெடிக்கல் போர்டுக்குள்ள (அது வேறொரு வகை டாக்டருங்களோட போர்டு) ஒரு கமிட்டியா கொண்டுபோய் வெச்சாங்க. 2023லதான் திரும்ப போர்டுன்னு பேரு வந்துச்சு. பாத்தீங்களா, அதே 2009, ஒரு தொழில் வெளிய போகுது இன்னொன்னு உள்ள வருது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெறமையோ லாபியோ மட்டும் இல்ல, தலக்கணக்கு.

அதனால உங்க தொழில் எந்தப் பக்கம்னு நீங்களே பாத்துக்கோங்க. ஏற்கனவே லைசென்ஸ் இருக்குற கூட்டம் பிரிஞ்சு போறது ஒரு செலவு, லைசென்ஸே இல்லாத தொழிலுக்கு புதுசா எல்லாத்தையும் உண்டாக்குறது வேற செலவு. ரெண்டாவதுதான் ஆள சாய்க்கும்.

போர்டு மெம்பருங்க சம்பளம்தான பெருசா இருக்கும்?

இல்ல. அவங்களுக்கு சம்பளமே கிடையாது, போர்டு வேலை பாக்குற நாளுக்கு 100 டாலர், அதுக்கு மேல பயணப்படி. ஏழு மெம்பர், வருஷத்துக்கு நாலு நாள் மீட்டிங்னா 2,800 டாலர்தான். விமானம், ஹோட்டல் அத விட ஜாஸ்தி. மீட்டிங் எல்லாம் பொதுமக்கள் வந்து உக்காரலாம், பத்து நாள் முன்னாடியே அஜெண்டா போடணும், அஜெண்டால இல்லாத விஷயத்த முடிவு பண்ணக்கூடாது, அதுக்கு பாக்லி கீன்னு ஒரு சட்டம் இருக்கு, இதுக்கெல்லாம் ஸ்டாஃப் நேரம் போகுது. காசுக்கணக்குல இது சுண்டக்காதான். சுமைகூலி அடுத்த கேள்வில வருது.

அப்ப எதுலதான் காசு போகுது?

கேஸுல. வேறெதுவும் கிட்ட நிக்காது.

ஒரு லைசென்ஸ் குடுக்குறது ஒரு ஃபார்ம், கைரேகை, சர்ட்டிஃபிகேட் சரிபாத்தல், அவ்வளவுதான். ஒரு லைசென்ஸ பிடுங்குறது அப்படி கிடையாது. கம்ப்ளெய்ண்ட் வரும், விசாரிக்கணும், அந்த தொழில் தெரிஞ்ச எக்ஸ்பர்ட்டுக்கு காசு குடுத்து "இது தப்பா இல்லையா"ன்னு எழுதி வாங்கணும், அப்புறம் ஸ்டேட்டோட தலைமை வக்கீலான அட்டார்னி ஜெனரல் ஆஃபீஸுக்கு போகும், அங்க இருக்குற வக்கீல் போர்டு சார்பா குற்றப்பத்திரிக்கை போடுவார், அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஜட்ஜ் முன்னாடி ஹியரிங், அதுக்கப்புறம் அந்த ஆளு கோர்ட்டுக்கும் போகலாம். அரசாங்க வக்கீல்தான, ஃப்ரீயா வருவார்னு நெனைக்காதீங்க, அவங்க மணிக்கணக்குக்கு பில் போடுவாங்க. 2019 ஜூலைல அந்த ரேட்ட 170 டாலர்லேருந்து 220 ஆக்கினாங்க, பாராலீகல் (வக்கீலோட உதவியாளர்) ரேட்டு 120லேருந்து 205. ஒரே நாள்ல. போர்டுங்க எல்லாம் பதறிட்டாங்க, அதுக்கப்புறம் வந்த ஃபீ உயர்வுல பாதிக்கு காரணம் சொல்லச் சொன்னா எல்லாரும் இதையும்தான் சொன்னாங்க.

ஒரு கேஸுக்கு வக்கீல் 80 மணி நேரம் வேலை பாத்தார்னு வைங்க, 220 ரேட்டுல 17,600 டாலர், எக்ஸ்பர்ட்டும் ஜட்ஜும் தனி. 20,000 பேர் இருக்குற போர்டுல தலைக்கு 88 சென்ட். 1,000 பேர் இருக்குற எடத்துல தலைக்கு 17 டாலர் 60 சென்ட், ஒரே ஒரு கேஸுக்கு. சின்ன போர்டுல ஒரு வருஷம் ஒரே ஒரு மோசமான ஆளு மாட்டினா போதும், நல்ல வக்கீல் வெச்சு கடைசி வரைக்கும் சண்ட போட்டார்னா மொத்த பட்ஜெட்டும் ஆட்டம் காணும். அப்ப என்ன ஆகும்னா, காசு இல்லன்னு கேஸ மெதுவா ஓட்டுவாங்க, இல்ல சமாதானமா முடிச்சுடுவாங்க. பொதுமக்கள காப்பாத்தத்தான் போர்டுன்னு சொல்லிட்டு அத செய்ய காசு இல்லன்னா அப்புறம் எதுக்கு போர்டு?

தோத்த லைசென்ஸ்காரர்கிட்டேருந்து விசாரணை செலவ திரும்ப வாங்க சட்டத்துல எடம் இருக்கு, ஜட்ஜ் உத்தரவு போடுவார். லைசென்ஸ் போன மனுஷன்கிட்ட காசு வசூல் பண்றது எவ்வளவு நடக்கும்னு நீங்களே யோசிங்க.

ப்ரோ ரேட்டான்னு ஒண்ணு பட்ஜெட்ல வருதே, அது என்ன?

டிபார்ட்மெண்ட் குடுக்குற பொது சேவைக்கு நீங்க கட்டுற பங்கு. ஆள் எடுக்குறது, ஐடி, சட்ட ஆலோசனை, பட்ஜெட், கால் சென்டர் இதெல்லாம். அபார்ட்மெண்ட் மெயிண்டனன்ஸ் மாதிரி, லிஃப்ட் நீங்க யூஸ் பண்ணலன்னாலும் கட்டணும்.

இதுல ஐடி ஒரு பூதம். பிரீஸ்னு ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம், எல்லா போர்டுக்கும் ஒரே லைசென்ஸ் சாஃப்ட்வேர்னு ஆரம்பிச்சாங்க, மொதல்ல சொன்ன செலவு 2.8 கோடி டாலர். 2015 பிப்ரவரில ஸ்டேட் ஆடிட்டர் ரிப்போர்ட் வந்தப்ப அது 9.6 கோடிக்கு போயிருந்துச்சு, அதுவும் கிட்டத்தட்ட பாதி போர்டுங்கள சேக்காமலே. அந்த காசும் போர்டு ஃபண்டுங்கள்லேருந்துதான், அதாவது அங்க முடி வெட்டுறவரும் நர்ஸும் கட்டுனது. தனி போர்டு ஆனா உங்க சாஃப்ட்வேர நீங்களே பாத்துக்கலாம்னு சில பேர் சொல்றாங்க, சரி, பாத்துக்கோங்க, ஆனா அதுக்கும் காசு.

ஆரம்பிக்கும்போது ஃபீயே வராதே, அப்ப மொத வருஷம் எப்படி ஓட்டுவாங்க?

கடன். வேற வழி இல்ல. சட்டம் பாஸ் ஆகும், ஜனவரி 1 அன்னைக்கு அமலுக்கு வரும், ஆனா அன்னைக்கே லைசென்ஸ் குடுக்க முடியாது. மொதல்ல ஆள் எடுக்கணும், ஆஃபீஸ் புடிக்கணும், ரெகுலேஷன் எழுதணும், அத பொதுமக்கள் கருத்துக்கு விடணும், ரெகுலேஷன சரிபாக்குற அட்மினிஸ்ட்ரேட்டிவ் லா ஆஃபீஸ் ஓகே சொல்லணும், இதுக்கே ஒரு வருஷம் தாராளமா போயிடும். அது வரைக்கும் சம்பளம் ஓடிக்கிட்டு இருக்கும், வரவு சைபர். அதனால ஜெனரல் ஃபண்டுல இருந்தோ வேற ஒரு ஃபண்டுல இருந்தோ கடன் வாங்குவாங்க, பின்னாடி வர்ற லைசென்ஸ் ஃபீலேருந்து திருப்பிக் கட்டணும். ஆக மொத பேட்ச்ல லைசென்ஸ் எடுக்குறவங்க தங்களோட செலவையும் கட்டி, அவங்க பொறக்குறதுக்கு முன்னாடி ஆன செலவையும் கட்டுறாங்க.

இங்க ஒரு தப்புக்கணக்கு வழக்கமா நடக்கும். சங்கம் கொண்டுபோற பேப்பர்ல "ஸ்டேட்ல 5,000 பேர் இந்த வேலை பாக்குறாங்க, எல்லாரும் லைசென்ஸ் எடுப்பாங்க"ன்னு போடுவாங்க. எடுக்க மாட்டாங்க சாமி. பாதி பேர் பகுதிநேரம், சில பேர் ரிட்டயர் ஆகப் போறவங்க, சில பேர் ஆஸ்பத்திரில வேற பேர்ல வேலை பாப்பாங்க, சில பேர் ஃபீ பாத்துட்டே வெலகிடுவாங்க. ஆள் கொறஞ்சா ஃபீ ஏறும், ஃபீ ஏறினா ஆள் இன்னும் கொறையும்.

பத்தலன்னா ஃபீய ஏத்திக்கலாம்ல?

நெனச்ச மாத்திரத்துல முடியாது. ஃபீக்கு ஒரு உச்சவரம்பு சட்டத்துலயே எழுதியிருப்பாங்க. அதுக்குள்ள ஏத்தணும்னா ரெகுலேஷன், அது ஒரு வருஷ வேலை. உச்சவரம்ப தொட்டுட்டா திரும்ப சட்டசபைக்கு போகணும், ஒரு பில் (சட்ட மசோதா), ஒரு ஆத்தர் (அத கொண்டு வர்ற சட்டசபை மெம்பர்), கமிட்டி, கவர்னர் கையெழுத்து. அதுக்குள்ள ஃபண்ட் காலி ஆயிடும். அதனால ஆரம்பத்துலயே உச்சவரம்ப கொஞ்சம் தாராளமா வெக்கச் சொல்லுங்கன்னு நான் சங்கத்துல சொன்னேன், "இவ்ளோ ஃபீயா"ன்னு மெம்பருங்க பயந்துடுவாங்கன்னு யாரும் ஒத்துக்கல.

காசு மிச்சம் ஆனா?

அதுக்கும் சட்டம் இருக்கு. ரெண்டு வருஷ செலவுக்கு மேல கையிருப்பு சேந்துட்டா ஃபீய கொறைக்கணும். அது நியாயம்தான். நியாயம் இல்லாதது என்னன்னா, ஸ்டேட்டுக்கு பட்ஜெட் முடை வரும்போதெல்லாம் இந்த போர்டு ஃபண்டுங்கள்லேருந்து ஜெனரல் ஃபண்டுக்கு "கடன்" எடுத்துக்கிட்டு போவாங்க, 2000-களோட நெருக்கடில அக்கவுண்டன்ஸி போர்டுலேருந்து எல்லாம் எடுத்தாங்க. திருப்பித் தந்துடுவாங்க, எப்பங்கறதுதான் கேள்வி. மாமனார் வீட்ல குடுத்த கைமாத்து மாதிரி, கேக்கவும் முடியாது விடவும் முடியாது.

தனி போர்டு ஆனா எங்க ஆளுங்களே முடிவு எடுப்பாங்க, அது போதாதா? செலவானா பரவால்ல.

இந்த ஆசை எனக்கு நல்லா புரியுது. அடுத்த தொழில்காரங்க கைல உங்க வேலையோட எல்லை இருக்குறது கஷ்டம்தான். ஹைஜீனிஸ்ட்டுங்க வெளிய வந்ததுக்கு அதுதான் காரணம், அவங்களுக்கு வேலை குடுக்குற மொதலாளியே அவங்க என்ன செய்யலாம் செய்யக்கூடாதுன்னு சட்டம் போடுற எடத்துலயும் உக்காந்திருந்தாங்க, அது யாருக்குத்தான் புடிக்கும். அந்த காரணத்துக்காக ஒருத்தர் கூடுதல் ஃபீ கட்ட ரெடின்னா நான் தடுக்க மாட்டேன்.

ஆனா உங்க ஆளுங்க மட்டுமே உக்காந்தாலும் ஆபத்து இருக்கு. நார்த் கரோலினால டென்டல் போர்டு, அதுல பெரும்பாலும் பல் டாக்டருங்க, மால்ல பல்லு வெள்ளையாக்குற கடை போட்டவங்களுக்கு 47 லெட்டராவது அனுப்பினாங்க, நிறுத்துன்னு. வியாபாரத்துல போட்டிய காப்பாத்துற மத்திய அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் கேஸ் போட்டுச்சு, 2015ல சுப்ரீம் கோர்ட் 6க்கு 3ன்னு போர்டுக்கு எதிரா சொல்லிடுச்சு. தொழில்காரங்களே நடத்துற போர்டுன்னா ஸ்டேட் மேல இருந்து நெசமா மேற்பார்வை பண்ணணும், இல்லன்னா போட்டிய ஒழிக்கிறத தடுக்குற சட்டத்துலேருந்து பாதுகாப்பு கிடையாதுன்னு. அந்த மேற்பார்வைக்கும் ஆள், ஃபைல், வக்கீல். எல்லாம் உங்க ஃபீதான்.

போர்டு இல்லாம கொறஞ்ச செலவுல வேற வழி இருக்கா அண்ணா?

இருக்கு, யாரும் கூட்டத்துல பேச மாட்டாங்க ஏன்னா அதுல கௌரவம் கம்மி.

கலிஃபோர்னியால டயட்டீஷியனுக்கு ஸ்டேட் லைசென்ஸே கிடையாது. பேர மட்டும் சட்டம் காப்பாத்துது, தேசிய அளவுல ரெஜிஸ்டர் ஆன ஆளுதான் அந்த பேர போட்டுக்கலாம். ஸ்டேட்டுக்கு செலவு கிட்டத்தட்ட இல்ல. மசாஜ் தெரபிஸ்ட்டுங்களுக்கு 2009லேருந்து ஒரு லாபநோக்கில்லாத கவுன்சில் சர்ட்டிஃபிகேட் குடுக்குது, அரசாங்க போர்டு கிடையாது, அதுலயும் சண்ட உண்டு, ஆனா ஓடுது. இன்டீரியர் டிசைனருக்கும் அதே மாதிரி வெளில ஒரு கவுன்சில். அடுத்த படி, இருக்குற ஒரு போர்டுக்குள்ள கமிட்டியா போறது. மேல போட்ட அதே 1,000 பேர் கணக்க அப்படி போட்டுப் பாத்தேன், சொந்தமா ஒரே ஒரு ஸ்டாஃப் 1.1 லட்சம், எக்ஸிக்யூட்டிவ் ஆஃபீசர்ல ஒரு பங்கு 20 ஆயிரம், ப்ரோ ரேட்டா 40 ஆயிரம், வக்கீல் 60 ஆயிரம், மீட்டிங் 20, எக்ஸாம் 10, ஆஃபீஸ் 10 ஆயிரம், மொத்தம் 2.7 லட்சம், தலைக்கு வருஷம் 270 டாலர். 1,050 எங்க 270 எங்க. கூட்டுக்குடும்பத்துல மாமியார் தொல்லை இருக்கும், ஆனா ஒரே கேஸ் அடுப்பு.

மத்த ஸ்டேட்ல என்ன பண்றாங்க?

டெக்ஸாஸ் திரும்பி நடந்துச்சு. சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர், மேரேஜ் தெரபிஸ்ட், சோஷியல் ஒர்க்கர்னு நாலு போர்டு, 2019ல சட்டம் போட்டு 2020லேருந்து எல்லாத்துக்கும் மேல ஒரே எக்ஸிக்யூட்டிவ் கவுன்சில் வெச்சாங்க, நாலு போர்டும் இருக்கு, ஸ்டாஃப் ஒண்ணு. வாஷிங்டன் ஸ்டேட் சட்டத்துலயே எழுதி வெச்சிருக்கு, ஒவ்வொரு தொழிலோட லைசென்ஸ் செலவையும் அந்த தொழில்காரங்களே முழுசா கட்டணும்னு, சின்ன தொழிலுக்கு அது எவ்வளவு இடிக்கும்னு மேல பாத்துட்டோம். கொலராடோல சில தொழிலுக்கு போர்டே வெக்காம லைசென்ஸ் துறையோட டைரக்டரே நேரா பாத்துக்கிறார், புதுசா லைசென்ஸ் கேக்குறவங்கள 1985லேருந்து சன்ரைஸ் ரிவ்யூன்னு ஒண்ணு வெச்சு வடிகட்டுறாங்க, "இந்த தொழிலால பொதுமக்களுக்கு என்ன கேடு வந்துச்சு, காட்டு"ன்னு கேப்பாங்க. கலிஃபோர்னியாலயும் சன்ரைஸ் உண்டு, கூடவே சன்செட்டும், சில வருஷத்துக்கு ஒரு தடவ சட்டசபை கூப்பிட்டு "நீங்க இன்னும் தேவையா"ன்னு கேக்கும், அந்த ரிப்போர்ட் எழுதவே ஸ்டாஃப் மாசக்கணக்கா உக்காருவாங்க.

2005ல ஷ்வார்ஸ்நெக்கர் கவர்னரா இருந்தப்ப டஜன் கணக்குல போர்டுங்கள கலைக்கிறேன்னு கெளம்பினார். சில வாரத்துலயே வாபஸ். சினிமால எல்லாரையும் அடிச்ச மனுஷன், போர்டுங்கள அடிக்க முடியல.

இந்த செலவு கடைசில கஸ்டமர் தலைலதான விழும்?

ஆமா, ஆனா ஃபீ மூலமா விழுறது கொஞ்சம்தான். பெரிய செலவு கதவு சின்னதாகுறது, லைசென்ஸ்னு வந்துட்டா புது ஆளுங்க வர்றது கொறையும், வெல ஏறும். 2015 ஜூலைல வெள்ளை மாளிகை ஒரு ரிப்போர்ட் போட்டுச்சு, 1950-கள்ல வேலை பாக்குறவங்கள்ல 5%க்கும் கீழதான் ஸ்டேட் லைசென்ஸ் தேவைப்பட்டுச்சு, இப்ப கால்வாசி பேருக்கு வேணும்னு, லைசென்ஸால வெல 3 முதல் 16% வரைக்கும் ஏறுதுன்னு ஆராய்ச்சிகள காட்டி சொன்னாங்க. சட்டசபைல இந்த நம்பர உங்க மூஞ்சிக்கு நேரா கேப்பாங்க, பதில் ரெடியா வெச்சுக்கோங்க.

நம்ம ஊர்ல இது எப்படி?

என் சித்தி பையன் கோயம்புத்தூர்ல பிசியோதெரபிஸ்ட், அவன் கேட்டதால இத சேத்தேன். அங்க இப்ப காத்து ஒண்ணா சேக்குற பக்கம் அடிக்குது. 2021ல பார்லிமெண்ட் போட்ட அலைட் அண்ட் ஹெல்த்கேர் ப்ரொஃபஷன்ஸ் சட்டம் பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி, லேப் டெக்னாலஜி, டயட்டீஷியன்னு பத்து வகைய ஒரே தேசிய கமிஷனுக்கு கீழயும், ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒரே கவுன்சிலுக்கு கீழயும் கொண்டுவருது. மாநிலங்க இழுத்தடிச்சதுல சுப்ரீம் கோர்ட் 2024 ஆகஸ்ட்ல, அக்டோபர் 12க்குள்ள அமைங்கன்னு உத்தரவே போட வேண்டி வந்துச்சு. தம்பி தனி கவுன்சில்தான் கௌரவம்னு சொல்றான். ஆனா பிசியோதெரபிஸ்ட்டுங்க எண்ணிக்கைக்கு தனியா நின்னாலும் தாங்குவாங்க, பத்து வகைல இருக்குற மத்த சின்ன தொழிலுங்க தாங்காது, அவன்கிட்ட அததான் சொன்னேன், இன்னும் ஒத்துக்கல.

எங்க போர்டோட காசு நெலம என்னன்னு நானே எங்க பாக்குறது?

போர்டு மீட்டிங் பேப்பர்ல "ஃபண்ட் கண்டிஷன்"னு ஒரு பக்கம் இருக்கும். அதுல கடைசி வரி, "மந்த்ஸ் இன் ரிசர்வ்", கையிருப்பு எத்தன மாசத்துக்கு தாங்கும்னு. வலது பக்கம் போகப் போக அந்த நம்பர் கொறஞ்சுக்கிட்டே போச்சுன்னா, மைனஸ் வந்துச்சுன்னா, ஃபீ உயர்வு வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். சன்செட் ரிப்போர்ட்ல ஸ்டாஃப் எத்தன, கேஸ் எத்தன நாள் ஆகுது எல்லாம் இருக்கும், நீளம்தான், ஆனா படிங்க, நீங்க கட்டின காசு.

சரி, நாங்க முடிவு பண்ணிட்டோம், பில் கொண்டு வர்றோம். மொதல்ல எங்க இடிக்கும்?

அப்ராப்ரியேஷன்ஸ் கமிட்டில, அதாவது சட்டசபைல செலவு பாக்குற கமிட்டில. பில்லோட செலவு, எந்த ஃபண்டா இருந்தாலும், 1.5 லட்சம் டாலர தாண்டினா "சஸ்பென்ஸ் ஃபைல்"னு ஒரு கட்டுக்குள்ள போகும், தனி போர்டுன்னா கண்டிப்பா தாண்டும். அப்புறம் ஒரே நாள்ல அந்த கட்ட பிரிச்சு நூத்துக்கணக்கான பில்ல வரிசையா படிப்பாங்க, பாஸ், ஹோல்ட், பாஸ், ஹோல்ட்னு (ஹோல்ட்னா பில் அங்கேயே நின்னுடும்), காரணம் எதுவும் சொல்ல மாட்டாங்க. நாங்க ஒரு தடவ அங்க போய் உக்காந்தோம், எங்க பில் நம்பர் வந்தப்ப பக்கத்துல இருந்த அம்மா தும்மினாங்க, என்ன சொன்னாங்கன்னே கேக்கல, வெளிய வந்து ஃபோன்ல பாத்துதான் தெரிஞ்சுது, ஹோல்ட்.